டாக்டர் வரைந்த ஹரிணி

பாகலூர் ரோட்டில் நான் படக்கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கம்பெனிகள் கொடுக்கும் பாராட்டுப் பத்திரம், இறந்துபோனவர்களின் போட்டோ என்று எது வந்தாலும் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பேன். இதில் எந்தக் காலத்திலும் படுக்காத வியாபாரம் கடைசியாகச் சொன்னதுதான். என் பெயர் கௌஸ் மொய்தீன் என்பது ரேஷன் கடைக்காரருக்குத் தெரியும். மற்ற எல்லோருக்கும் நான் கண்ணாடிக்கடை பாய்.

சொல்ல வந்தது என் கதை அல்ல, டாக்டர் பரமசிவத்தின் கதை. ரிட்டயர் ஆன மனிதர் பேப்பர் படித்துக்கொண்டு, கொசு அடித்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று அவர் முகத்துக்கு நேராகவே நான் திட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் சிரிப்பார். இப்போது திட்டினால் சிரிப்பதில்லை. அதனால் நானும் திட்டுவதை விட்டுவிட்டேன்.

அவருக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய காலத்தில், சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனிக்கு டாக்டராக வந்தார். பகலில் கம்பெனி, சாயங்காலம் எங்கள் தெருவில் கிளினிக். கைராசிக்காரர் என்று பொய் சொல்ல மாட்டேன். என் இருமல் அவர் மருந்துக்கு ஒருநாளும் அசைந்து கொடுத்ததில்லை. ஆனாலும் அவரிடம்தான் போவோம். காரணம் அவர் வாய். அதற்குள் போன சங்கதி வெளியே வராது. கம்பெனியில் ஆள் குறைக்கிற நேரத்தில் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, எந்தத் தொழிலாளிக்கு என்ன சீக்கு என்று நைசாகக் கேட்டாராம். "அது எனக்கும் அவங்களுக்கும் உள்ள பேச்சு. வேணும்னா என்னைய வேலைய விட்டு எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். இதுவும் அவர் சொல்லித் தெரிந்ததல்ல, கம்பெனி ஆட்கள் சொன்னது. கட்டிய மனைவியிடம் சொல்லாததை அவரிடம் சொன்ன ஆண்கள் இந்த ஊரில் நிறையப் பேர். நானும் ஒருவன். என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கக் கூடாது.

வேலை முடிந்து, கிளினிக்கையும் மூடிய பிறகு, அவர் போனில் வீடியோ பார்த்துப் படம் வரையக் கற்றுக்கொண்டார். பெங்களூரில் இருக்கும் மகன் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கி அனுப்பினான். அப்பா ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பார், அம்மாவைத் தொந்தரவு செய்ய மாட்டார் என்ற நல்லெண்ணம்தான். முதலில் ஒரு மாம்பழம் வரைந்து சட்டம் போட எடுத்து வந்தார். "கல்லீரல் நல்லா வந்திருக்குது சார்" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீங்கின கல்லீரல்" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

பழத்தோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். முகம் வரைய ஆரம்பித்தார். அவர் வரைந்த முகங்கள் எல்லாமே ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுடையதாக இருக்கும். ஒருவருக்குக் கன்னம் உப்பியிருக்கும், இன்னொருவருக்குக் கண் வெளுத்திருக்கும். என்னை ஒருமுறை வரைந்தார். கண்ணுக்குக் கீழே ஒவ்வொரு பக்கமும் ஒரு பை தொங்கியது. "எதுக்கு சார் எனக்கு மூட்ட கட்டி வுட்டிருக்கீங்க?" என்று சண்டை பிடித்தேன். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பாய், எதுக்கும் ஒருக்கா ரத்தமும் யூரினும் டெஸ்ட் எடுத்துருங்க" என்றார். எடுத்தேன். கிட்னியில் கோளாறு ஆரம்பித்திருந்தது. எதிரே உட்கார்ந்து டீ குடிக்கும்போது அவருக்குத் தெரியாதது, வரையும்போது கைக்குத் தெரிந்திருக்கிறது. ஏதோ நல்லதாகப் போயிற்று என்று இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் கையைக் கொஞ்சம் பயந்து பார்த்திருக்க வேண்டும். அந்தப் புத்தி எங்கள் இரண்டு பேருக்குமே வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. பெரிய மனிதர் எதைக் காட்டினாலும் "எங்களுக்கும் ஒண்ணு குடுங்க" என்று கேட்டுவைப்பது. அவர் தோட்டத்துக் கறிவேப்பிலையாக இருந்தாலும் சரி, அவர் போட்டிருக்கும் செருப்பாக இருந்தாலும் சரி, கேட்பதுதான் மரியாதை, கொடுப்பது கட்டாயமில்லை. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் டாக்டருக்கு இது பிடிபடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வரைந்து கொடுத்தார். ஊர் முழுக்கத் தன் படத்துக்கு ஏங்குகிறது என்று அந்த மனிதருக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. நான் அதைக் கெடுக்கவில்லை. எனக்கும் சட்டம் விற்றது.

அப்படிக் கேட்டவன்தான் முனிவேல். ஜூஜுவாடிக்காரன். டாக்டர் இருந்த அதே கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவன். ஒருநாள் மெஷினில் விரல்கள் நசுங்கிய அவனை டாக்டர் தன் காரிலேயே போட்டுக்கொண்டு பெங்களூருக்கு ஓடினார். விரல்கள் தப்பின. அன்றிலிருந்து அவனுக்கு டாக்டர்தான் குலசாமி. அவன் மகள் ஹரிணி ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற வேலையில் இருந்தாள். அங்கேயே வேலை பார்க்கும் ராஜேஷ்குமாருக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி, நிச்சயம் செய்ய நாள் குறித்தார்கள். பையனுக்கு வேப்பனப்பள்ளி. மாந்தோப்பு உள்ள குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், சந்தையில் கன்னடம்.

நிச்சயத்துக்கு அழைக்க வந்த முனிவேல் டாக்டர் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு, "எங்க பாப்பாவயும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க சார்" என்று மரியாதைக்குச் சொன்னான். டாக்டர் உடனே அவன் போனிலிருந்து ஹரிணியின் போட்டோ ஒன்றை வாங்கிக்கொண்டார். எத்தனையோ நாள் உட்கார்ந்து வரைந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம். அந்தப் பெண் சிரிக்கத் தொடங்குவதற்கு முந்தின முகம் அதில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிற மாதிரி போட்டிருந்தார். பெரிய அளவில் சட்டம் கேட்டார். அந்த அளவில் என்னிடம் இருந்தது கறுப்புக் கட்டையில் தங்கக் கோடு போட்டது மட்டும்தான். அதையே அடித்துக் கொடுத்தேன். நிச்சயத்தன்று மண்டபத்தில் தாம்பூலத் தட்டோடு அந்தப் படத்தையும் மாப்பிள்ளையின் அம்மா சரசம்மா கையில் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் அன்று இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கொஞ்ச நாள் போயிற்று. நான் டாக்டர் வீட்டுச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது முனிவேல் வந்தான். கையில் போர்வை சுற்றிய பெரிய சட்டம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மாப்ள வூட்ல இத திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க வூட்லயே இருக்கட்டும்னு சொன்னாங்களாம். சரசம்மாக்காவுக்கு இதப் பாத்ததுல இருந்து மனசு சரியில்லியாம். பட்டு எடுக்கற தேதியயும் தள்ளி வெச்சுட்டாங்க. என்னான்னே வெளங்கல சார். படம் நல்லாத்தான இருக்குது?"

டாக்டர் போர்வையை விலக்கிப் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஊசி போட்ட பிறகு மருந்து மாறிப்போனதைக் கண்டவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டது அவர் முகம்.

அவர் எதைப் பார்த்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு அவரே சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹரிணி பள்ளிக்கூடம் படிக்கும்போது காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில், வெண்புள்ளி ஒன்று விழுந்தது. அம்மா அழைத்துக்கொண்டு வந்து காட்டியது டாக்டரிடம். மருந்தில் பெரிதாகப் பரவாமல் நின்றது, ஆனால் போகவில்லை. கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணுக்கு வெள்ளை விழுந்திருக்கிறது என்றால் எங்கள் ஊர்களில் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முடியை முன்னால் விட்டும், தோல் நிறத்துக் கிரீம் பூசியும் அவள் மறைத்துக்கொண்டாள். பெற்றவர்களையும் டாக்டரையும் தவிர வேறு பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. முனிவேல் கொடுத்த போட்டோவிலும் அந்த இடம் தெரியவில்லை. ஆனால் டாக்டரின் கை அந்த இடத்தில், ஜன்னல் வெளிச்சம் என்ற பெயரில், ஒரு வெள்ளையைப் போட்டு வைத்திருந்தது. அதே இடம், அதே வடிவம். போடும்போது அவருக்குத் தெரியவில்லை. நான் கண்ணாடி போட்டபோது எனக்கும் தெரியவில்லை. வெளிச்சம் என்றே நினைத்தேன்.

முனிவேலிடம் அவர் அதைச் சொல்லவில்லை. "நானே போய்ப் பேசுறேன்" என்று மட்டும் சொன்னார். அவன் இரண்டு கையையும் கூப்பினான். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்பது சாக்கு. தனியாகப் போகப் பயம், அதுதான் உண்மை. சூளகிரி தாண்டி, வேப்பனப்பள்ளிப் பக்கம் திரும்பினோம். பிறகு, "பாய், எனக்கு வரையவே தெரியாதுன்னு சொல்லிடப் போறேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரே தன் படத்துக்கு ஏங்குகிறது என்று பூரித்திருந்த மனிதர் இப்படிப் பேசுகிறாரே என்று பாவமாக இருந்தது. "கல்யாணம் நின்னு போச்சுன்னா நான் என்ன செய்வேன், பாய்?" என்று கேட்டார்.

மாங்காய் அறுப்பு உச்சத்தில் இருந்த நேரம். வீட்டு வாசல் முழுக்கப் பிளாஸ்டிக் கிரேடுகள், கூழ் ஃபேக்டரிக்குப் போக வேண்டிய மாங்காய்க் குவியல், டிராக்டர். சரசம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூலியாட்களை விரட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பரபரத்துப்போய், நாற்காலி போட்டு, பழம் நறுக்கித் தட்டில் வைத்தார். நல்ல பெண்மணி. பேச்சில் கடுமை இருந்தாலும் உபசாரத்தில் குறையில்லை.

டாக்டர் பழத்தைத் தொடவில்லை. உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, நான் ரிட்டயர் ஆனப்புறம் பொழுது போகாம வரையிறவன். எனக்குச் சரியா வரையத் தெரியாது. பொண்ணு காதுக்குக் கீழ இருக்கிற அந்த வெள்ளை, அது என் கை தப்பு. பெயிண்ட் தப்பு. அத வச்சு நீங்க எதுவும் நினைச்சுக்கக் கூடாது. அவ தங்கமான பொண்ணு."

சரசம்மா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்த வெள்ளைங்க சார்?"

டாக்டர் வாய் திறந்தபடி இருந்தார். எனக்கு அந்த நொடியில்தான் ஏதோ கவிழ்ந்துவிட்டது என்று உறைத்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையாகிவிட்டார் மனிதர்.

"இல்ல, நீங்க படத்தைத் திருப்பி அனுப்பினீங்களே..." என்று இழுத்தார்.

"அய்யோ, அதுவா? அது வேற சங்கதிங்க. கல்யாணம் ஆவப் போற பொண்ண தனியா பெரிசாப் போட்டு, கறுப்புச் சட்டம் அடிச்சு, கண்ணாடி போட்டுக் குடுத்தா நான் எங்கிங்க மாட்டறது? எங்க மாமியா படத்துக்குப் பக்கத்துலயா? வர்றவங்க பாத்துட்டு, எப்ப போச்சுங்க இந்தப் பொண்ணுன்னு கேட்டா? மனசுக்கு ஒப்பல, அனுப்பிட்டேன். பட்டு எடுக்கறதுக்கு இந்த மாங்கா ஓஞ்சாத்தான் முடியும், அதத்தான் தள்ளி வெச்சோம்." இவ்வளவும் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "நீங்க என்னமோ வெள்ளைன்னீங்களே."

"அது ஒண்ணுமில்லம்மா. வெளிச்சம்."

"மொதல்ல பெயிண்ட் தப்புன்னீங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. உள்ளே இருந்த கணவரிடம் தெலுங்கில், இந்தப் பெண்ணிடம் ஏதோ இருக்கிறதாம், வந்து கேள் என்றார். மறுபடி டாக்டரிடம் திரும்பினார். "சார், நீங்க டாக்டரு. உங்ககிட்ட நேராக் கேக்கறேன். பொண்ணுக்கு வெள்ளை விழுந்திருக்குதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார். ஆனால் எத்தனையோ வருஷம் நோயாளியின் சொந்தக்காரர்கள் பயந்துபோய்க் கேட்கும்போது பதில் சொல்லிப் பழகிய நாக்கு. அது முந்திக்கொண்டது.

"அது யாருக்கும் தொத்தாதும்மா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. நான் தரையைப் பார்த்தேன். சரசம்மா எழுந்து உள்ளே போனார். பழத்தட்டில் ஈ வந்து உட்கார்ந்தது. எங்களைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. எழுந்து வந்தோம்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருந்து அழுதார். எனக்குக் கோபம் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். மேனேஜருக்குத் திறக்காத வாய் மாங்காய்க் குவியலுக்கு முன்னால் திறந்துவிட்டதே என்று கோபம்.

முனிவேல் டாக்டர் வீட்டு வாசலிலேயே காத்திருந்தான், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. காரை விட்டு இறங்குவதற்குள், "உங்க முகத்துக்காகவாவது கேப்பாங்கன்னு தெரியும் சார்" என்று பழத்தை நீட்டினான். அதை வாங்காமல் டாக்டர் நடந்ததை நடந்தபடி சொன்னார். எதையும் குறைக்கவில்லை. முனிவேல் கேட்டுக்கொண்டே இருந்தான். முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிப் போயிற்று. கடைசியில், "நீங்க வேணும்னேவா பண்ணீங்க? வுடுங்க சார்" என்றான். பழத்தைத் திண்ணை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் டாக்டர் காலையில் என் கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். வீட்டில் மனைவி நாகம்மாள் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். அப்படி ஒருநாள் உட்கார்ந்திருக்கும்போது ஹரிணி வந்தாள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. டாக்டர் எழுந்து நின்றுவிட்டார், வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி.

"உக்காருங்க சார்" என்றாள். அவர் உட்காரவில்லை.

"நேத்து அத்தையும் அவங்க ஆளுங்களும் எங்க வூட்டுக்கு வந்தாங்க. முடிய ஒதுக்கிட்டுக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். ஒவ்வொருத்தரா வந்து பாத்தாங்க. ஒரு அம்மா தொட்டுப் பாத்தாங்க."

"ஹரிணி, நான்..."

"கல்யாணம் நிக்கல சார், அதுக்கு நீங்க பயப்படாதீங்க. ராஜேஷுக்கு முன்னயே தெரியும். நான்தான் சொன்னேன். அவர் வூட்ல சண்ட போட்டுச் சம்மதிக்க வெச்சுட்டாரு." அவள் குரல் அதுவரை சாதாரணமாகத்தான் இருந்தது. "ராஜேஷ்கிட்ட சொல்றதுக்கு எனக்கு எவ்ளோ நாளாச்சு தெரியுமா சார்? சொல்லணும்னு போவேன், வேற எதனா பேசிட்டு வந்துருவேன். கடைசில சொல்லிட்டேன். அத்தைகிட்டயும் நானே சொல்லணும்னு இருந்தேன். பட்டு எடுக்கப் போறப்ப, அவங்க பக்கத்துல உக்காந்துட்டு. எப்படி ஆரம்பிக்கறதுன்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன். அது என்னோட பேச்சு சார். அத நீங்க பேசிட்டீங்க."

டாக்டர் மன்னிப்புக் கேட்டார். கேட்டார் என்றால், கை கூப்பினார், அவ்வளவுதான். அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிடவும் இல்லை, ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவும் இல்லை. "வர்றேன் சார், வர்றேன் பாய்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனாள்.

பெயிண்ட், பிரஷ் எல்லாவற்றையும் டாக்டர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். வரைவதில் என்ன தப்பு, இனிமேல் மலை வரையுங்கள், மரம் வரையுங்கள் என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். "மரத்துக்கும் ஏதாவது இருக்கும், பாய்" என்றார்.

கல்யாணம் ஓசூரிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. டாக்டர் போவதாக இல்லை. முனிவேல் விடவில்லை. முந்தின நாளே வந்து, "நீங்க இல்லாம எங்க வூட்டு விசேஷமா சார்?" என்று உரிமையோடு கேட்டுவிட்டுப் போனான். அந்த மரியாதைதான் அவரை மிகவும் கொன்றது. என்னையும் நாகம்மாள் அக்காவையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகிறவர் மாதிரி வந்தார்.

மேடையில் ஹரிணி முடியை மேலே தூக்கிக் கட்டி, பூ வைத்திருந்தாள். கிரீம் எதுவும் பூசவில்லை. காதுக்குக் கீழே இருந்த வெண்புள்ளி முன்வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. தெரியட்டும் என்றுதான் விட்டிருந்தாள். சரசம்மா பக்கத்தில் நின்று வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களையும் கூப்பிட்டார். டாக்டரின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

படம் எடுக்க எங்களை நிறுத்தினார்கள். டாக்டர் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். போட்டோகிராபர் அவசரக்காரன். "பெரியவரே, தலைய நிமித்துங்க. கொஞ்சம் பொண்ணு பக்கம் திரும்பிப் பாருங்க" என்று கத்தினான். டாக்டர் நிமிரவில்லை. அவன் மறுபடியும் கத்தினான்.

"வுடுங்கண்ணா" என்றாள் ஹரிணி. "சார் என்னய நெறையப் பாத்துட்டாரு."

அப்படியே எடுத்தார்கள். கீழே இறங்கினதும் அவர் நேராக வாசலுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சாப்பிடாமல் போனால் முனிவேல் எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டியிருக்கும். பந்தியில் போய் உட்கார்ந்து, இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வைத்ததையெல்லாம் சாப்பிட்டார்.